தொழில் தொடங்குகிறவரின் மனசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஏதாவது தொடங்க வேண்டும் என்று நினைப்பவர்களும், தொடங்கிவிட்டுத் திருதிருவென்று விழிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதிவு, வரி, கடன் விண்ணப்பம் எதுவும் இதில் இல்லை, மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும்தான். நான் மனநல மருத்துவன் இல்லை. ஒரு சின்ன மென்பொருள் சேவையைத் தொடங்கி, நடத்தி, மூடியவன். மூடிய பிறகு, நமக்கு என்னதான் ஆச்சு என்று தெரிந்துகொள்ள ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தவன்.

தொழில் புத்தி பிறவியிலேயே வரவேண்டுமா?

ஓரளவுக்கு ஆமாம், ஆனால் அந்த "ஓரளவை" பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 2008-இல் பிரிட்டனில் இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. உருவம் ஒத்த இரட்டையரில் ஒருவர் தொழில் செய்தால் மற்றவரும் செய்வது, உருவம் ஒவ்வாத இரட்டையரிடம் இருப்பதைவிட அதிகமாக இருந்தது. அதை வைத்து, இந்த விஷயத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் கிட்டத்தட்ட பாதிக்கு மரபணு காரணம் என்று கணக்கிட்டார்கள். இதைப் படித்துவிட்டு "எங்கள் வீட்டில் யாரும் தொழில் செய்ததில்லை, எனக்கு வராது" என்று கையைக் கழுவிவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பாதி என்பது ஒரு பெரிய கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய பேச்சு. உங்கள் ஒருவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இதைவிட எனக்குப் பிடித்தது 2015-இல் வந்த ஸ்வீடன் ஆய்வு. தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, பெற்றவர்களின் பங்கு எவ்வளவு, வளர்த்தவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார்கள். பெற்றோர் தொழில் செய்தால் பிள்ளையும் செய்யும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுகிறது. அதில் வளர்த்தவர்களின் பங்கு, பெற்றவர்களின் பங்கைப் போல இரண்டு மடங்கு. தொழில் செய்கிற வீட்டில் வளரும் பிள்ளை, ஒரு மாதம் பணம் வராமல் போவதையும் அடுத்த மாதம் வருவதையும் பார்த்தே வளர்கிறது. அதற்கு அது சாதாரண விஷயம். சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு முதல் வறட்டு மாதமே உலகம் இடிந்த மாதிரி இருக்கும். பழகாத குறைதான், வேறொன்றுமில்லை.

அப்படியானால் தொழில்முனைவோருக்கென்று தனிக் குணமே கிடையாதா?

சின்னச் சின்ன சாய்வுகள் உண்டு. 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, தொழில் தொடங்கியவர்களையும் மேலாளர்களையும் ஒப்பிட்டார்கள். தொடங்கியவர்களிடம் ஒழுங்காக வேலையை முடிக்கும் குணமும் புதியதை ஏற்கும் மனமும் கொஞ்சம் அதிகம், பதற்றமும் பிறர் சொல்வதற்கு ஒத்துப்போகும் குணமும் கொஞ்சம் குறைவு. கலகலப்பாகப் பேசிப் பழகுவதில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ஆகவே, கூச்ச சுபாவம் என்பதால் பின்வாங்கியவர்கள் அந்தக் காரணத்தை அடித்துவிடலாம்.

குணத்தைத் தேடும் வேலையைப் பெரிய அளவில் ஆரம்பித்தவர் டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். ஏதாவது சாதிக்க வேண்டும் என்ற உந்துதல் அதிகமுள்ள சமூகம் பொருளாதாரத்திலும் முன்னேறும் என்று 1961-இல் வாதிட்டார். அவருடைய வளையம் எறியும் சோதனை சுவாரசியமானது: ஒரு குச்சியில் வளையத்தை எறிந்து மாட்ட வேண்டும், எங்கே நின்று எறிவது என்பது எறிபவர் இஷ்டம். சாதிக்கும் உந்துதல் அதிகமுள்ளவர்கள் குச்சிக்குப் பக்கத்திலும் நிற்கவில்லை, எட்டாத தூரத்துக்கும் போகவில்லை. முயன்றால் விழும், அசந்தால் விழாது என்கிற தூரமாகப் பார்த்து நின்றார்கள். சூதாடியின் மனசும் தொழில் செய்கிறவரின் மனசும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது.

அவரே 1960-களின் நடுவில் ஆந்திராவின் காக்கிநாடாவில் வியாபாரிகளுக்கு இந்த உந்துதலைப் பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்தார். பயிற்சிக்குப் பிறகு அவர்கள், பயிற்சி பெறாத மற்ற வியாபாரிகளைவிடச் சுறுசுறுப்பாகப் புது முயற்சிகளில் இறங்கினார்கள். பயிற்சியால் மாறுகிற ஒன்றைப் பிறவிக் குணம் என்று எப்படிச் சொல்வது? 1988-இல் வில்லியம் கார்ட்னர் என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு படி மேலே போய், "தொழில்முனைவோர் யார்?" என்ற கேள்வியே தப்பு, அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள் என்றார். நான் முழுக்க அவர் கட்சி.

நான் ரிஸ்க் எடுக்கப் பயப்படுகிறவன். எனக்கு இது சரிப்படுமா?

சரிப்படும். சில சமயம் அதிகமாகவே சரிப்படும்.

முதலில், ரிஸ்க் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது இரண்டு வேறு விஷயங்கள். 1921-இல் ஃபிராங்க் நைட் என்ற பொருளாதார அறிஞர் இதைப் பிரித்துக் காட்டினார். பகடை உருட்டினால் ஆறு விழ எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடலாம், அது ரிஸ்க். இதுவரை இல்லாத ஒரு பொருளை எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது, அது நிச்சயமின்மை. தொழிலில் லாபம் என்று ஒன்று மிஞ்சுவதே இந்த இரண்டாவதைத் தாங்குவதற்கான கூலி என்பது அவர் வாதம். கணக்குப் போட முடிகிற ஆபத்தைக் காப்பீட்டில் தள்ளிவிடலாமே.

அப்புறம், தொழில் தொடங்குகிறவர்கள் துணிச்சல்காரர்கள் என்பதற்கு ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை. 1995-இல் வந்த ஓர் ஆய்வில், ரிஸ்க் எடுக்கும் விருப்பத்தில் அவர்கள் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். ஆனால் அதே சூழ்நிலையை விவரித்தபோது அவர்களுக்கு வாய்ப்பு அதிகமாகவும் ஆபத்து குறைவாகவும் தெரிந்தது. அதாவது, பள்ளத்தைப் பார்த்தும் குதிக்கிறவர்கள் இல்லை. அவர்கள் கண்ணுக்குப் பள்ளமே சின்னதாகத் தெரிகிறது.

வேலையை விடாமலே ஆரம்பிக்கிறவர்களை "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று கேலி செய்வார்கள். 2014-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பாருங்கள்: வேலையில் இருந்துகொண்டே தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்கள் தொழிலைவிட்டு வெளியேறும் வாய்ப்பு, நேரடியாக வேலையை விட்டுவிட்டுத் தொடங்கியவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. சரிப்பட்டு வராது என்று தெரிந்தவர்கள் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள், மிஞ்சியவர்கள் கற்றுக்கொண்டு வருகிறார்கள். பயந்தவர்களின் பாதைதான் இது, பாதை மோசமில்லை.

எதிர்காலம் தெரியாமல் எப்படி முடிவெடுப்பது? அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள்?

சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர், நிறுவனங்களைக் கட்டியெழுப்பி நீண்ட அனுபவம் பெற்ற 27 பேரிடம் ஒரு கற்பனைப் பொருளைக் கொடுத்து, இதை வைத்து எப்படித் தொழில் தொடங்குவீர்கள், யோசிப்பதை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். இலக்கை முடிவுசெய்து, சந்தையை அளந்து, திட்டம் போட்டு இறங்குவார்கள் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். பெரும்பாலோர் தலைகீழாக யோசித்தார்கள். கையில் என்ன இருக்கிறது, யாரைத் தெரியும், நான் யார் என்று தொடங்கி, அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று போனார்கள். சந்தை ஆய்வு அறிக்கைகளை அவர்கள் அவ்வளவாக நம்பவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் நான் ஒரு தடிமனான அறிக்கையை நம்பித்தான் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

2001-இல் அவர் இதைக் கோட்பாடாக எழுதினார். அதில் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: எவ்வளவு லாபம் வரும் என்று கேட்பதற்குப் பதிலாக, எவ்வளவு போனால் தாங்குவேன் என்று கேட்பது. லாபம் உங்கள் கையில் இல்லாத ஆயிரம் விஷயங்களைப் பொறுத்தது. தாங்கும் அளவு உங்களுக்கே தெரியும், இன்றைக்கே தெரியும். பணம் மட்டுமில்லை, எத்தனை மாதம், தூக்கத்தில் எவ்வளவு, வீட்டில் எவ்வளவு பேச்சு வாங்கலாம் என்பதும் இதில் சேர்த்தி. இந்த எண்ணைப் பற்றிக் கீழேயும் வரும், மறக்க வேண்டாம்.

"நம்பிக்கைதான் எல்லாம்" என்கிறார்களே, அதீத நம்பிக்கை நல்லதா கெட்டதா?

தொடங்குவதற்கு நல்லது. நிறுத்துவதற்குக் கெட்டது. இதுதான் இந்த விஷயத்தில் இருக்கும் பெரிய சிக்கல், பேசுகிறவர்கள் முதல் பாதியோடு முடித்துக்கொள்கிறார்கள்.

1988-இல் ஏறத்தாழ 3,000 அமெரிக்கத் தொழில்முனைவோரிடம், உங்கள் தொழில் ஜெயிக்கப் பத்துக்கு எத்தனை வாய்ப்பு என்று கேட்டார்கள். 81 சதவீதம் பேர் ஏழோ அதற்கு மேலோ என்றார்கள். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றார். தன் தொழிலைப் போன்ற வேறொருவர் தொழிலுக்கு எவ்வளவு என்று கேட்டபோது எண் நன்றாகவே இறங்கியது. அமெரிக்க அரசின் புள்ளிவிவரப்படி, புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் ஏறக்குறைய பாதிதான் ஐந்தாம் ஆண்டைத் தாண்டுகின்றன. அதாவது பத்துக்குப் பத்து போட்டவர்களில் கணிசமானவர்கள் கடையைக் கட்டியிருப்பார்கள்.

ஏன் இப்படி? 1999-இல் கேமரர், லோவாலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில் பதில் கிடைக்கிறது. பணம் வைத்து ஆடும் ஒரு விளையாட்டு: ஒரு சந்தைக்குள் நுழையலாம், நுழையாமலும் இருக்கலாம், அதிகம் பேர் நுழைந்தால் மொத்தத்தில் நஷ்டம். யார் மேலே வருவார் என்பது குலுக்கலில் தீர்மானமானபோது ஆட்கள் அளவாக நுழைந்தார்கள். திறமையால் தீர்மானமாகும் என்றபோது கூட்டம் முண்டியடித்தது. இன்னொரு சுற்றில், இது திறமைப் போட்டி என்று முன்கூட்டியே அறிவித்து ஆட்களைத் திரட்டினார்கள். அப்போது நுழைவு இன்னும் கூடியது, ஏனென்றால் வந்திருப்பவர்கள் எல்லோருமே தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைத்து வந்தவர்கள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை! தன் திறமையைப் பார்க்கிற கண்ணுக்கு எதிராளியின் திறமை தெரிவதில்லை.

நம்பிக்கையைக் குறைத்துக்கொள் என்று யாரிடமும் சொல்லிப் பயனில்லை, குறையாது. என் யோசனை வேறு: உங்கள் திட்டத்தைத் திறப்பதற்கு முன்பே, இதே மாதிரித் தொழில் தொடங்கிய பத்துப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். மூடியவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம், பேச வைப்பது அதைவிடக் கஷ்டம், ஆனால் ஒரு மணிநேரம் பேசிவிட்டால் ஒரு வருஷம் மிச்சம்.

ரெண்டு வருஷமாக யோசனையிலேயே இருக்கிறேன். ஏன் கை ஓடமாட்டேன் என்கிறது?

மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கலாம். ஒன்று, எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் எப்போதுமே ஓர் இடைவெளி உண்டு. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதற்குச் சொல்லும் வழி அற்பமாகத் தெரியும்: "தொடங்க வேண்டும்" என்பதை "சனிக்கிழமை காலை காப்பி குடித்து முடித்ததும், வாங்கக்கூடியவர் ஒருவருக்குப் போன் செய்வேன்" என்று மாற்றுங்கள். எப்போது, எங்கே, என்ன என்று மூன்றும் இருந்தால் செய்து முடிக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. இரண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவது. அவருடைய 2009 ஆய்வில், தன் லட்சியத்தை மற்றவர் தெரிந்துகொண்டதுமே பலர் அதற்கான உழைப்பைக் குறைத்துக்கொண்டார்கள். பாராட்டு முன்பணமாகக் கிடைத்துவிட்டால் வேலை எதற்கு?

மூன்றாவதுதான் ஆழமானது: "என்னால் முடியும்" என்ற எண்ணம். ஆல்பர்ட் பந்தூரா என்ற உளவியலாளர் 1977-இல் இது எங்கிருந்து வருகிறது என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் கொடுக்கும் ஊக்கம், உடம்பும் மனசும் இருக்கும் நிலை. வலுவானது முதலாவது. ஊக்கப் பேச்சு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நாள் முழுக்க உற்சாகக் காணொளி பார்ப்பதைவிட, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரே ஒரு பொருளை விற்றுவிடுவது மேல்.

இதைப் பயிற்சியில் கற்றுக்கொடுக்க முடியுமா, அல்லது பட்டுத்தான் தெரிய வேண்டுமா?

முடியும், ஆனால் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுத் தலைநகர் லோமேயில் 1,500 சிறு தொழில் செய்பவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கு, விற்பனை, நிர்வாகம் என்ற வழக்கமான வகுப்பு. இன்னொரு குழுவுக்கு உளவியல் அடிப்படையிலான பயிற்சி: யாரும் சொல்லாமல் தானே தொடங்குவது, பிரச்சினை வருமுன் பார்ப்பது, தடை வந்தால் விடாமல் வேறு வழி தேடுவது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. 2017-இல் முடிவு வந்தது. உளவியல் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான வகுப்புக்குப் போனவர்களிடம் தெரிந்த 11 சதவீதம், தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவில்தான் இருந்தது. கணக்கு தெரிய வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கணக்கை உட்கார்ந்து போடவைக்கும் மனசு முதலில் வேண்டும்.

வயசாகிவிட்டதே?

நாற்பதைத் தாண்டியிருந்தால் சரியான வயதில் இருக்கிறீர்கள். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்ற தரத்து நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கிய நேரத்தில், 45. இது 2020-இல் வெளியான கணக்கு. கல்லூரியை விட்டு ஓடிய இருபது வயதுக்காரர் கதை கேட்க நன்றாக இருக்கிறது, அதனால்தான் அது பரவுகிறது.

சம்பளத்தைவிட அதிகம் சம்பாதிக்கத்தானே எல்லோரும் தொடங்குகிறார்கள்?

அப்படியென்றால் பெரும்பாலோர் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வுப்படி, பத்து வருஷம் சுயதொழில் செய்த நடுத்தர ஆளின் வருமானம், அதே காலம் வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவு. ஆனாலும் விட்டுவிட்டுப் போவதில்லை. பல நாடுகளின் ஆய்வுகளில், சுயதொழில் செய்பவர்கள் வேலையில் திருப்தி அதிகம் என்கிறார்கள், காரணம் யாரும் மேலே நின்று ஏவுவதில்லை என்பது. ஷும்பீட்டர் என்ற பொருளாதார அறிஞர் நூறு வருஷத்துக்கு முன்பே, தனக்கென்று ஒரு சின்ன ராஜ்யம் வேண்டும், ஜெயிக்க வேண்டும், உருவாக்கும் சந்தோஷம் வேண்டும் என்ற மூன்றும்தான் ஆளை ஓட்டுகின்றன என்று எழுதினார். இதில் எது உங்களுடையது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உருவாக்கும் சந்தோஷத்துக்காக வந்தவருக்கு ஐம்பது பேரை மேய்க்கிற வேலை கிடைத்தால், நிறுவனம் வளர்ந்தாலும் அவர் வாடுவார்.

நஷ்டத்தில் ஓடுகிறது. போட்ட பணத்தை நினைத்தால் விட மனசு வரவில்லை. என்ன செய்வது?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது, எனக்கு நானே பதினெட்டு மாதம் கேட்டுக்கொண்ட கேள்வியும்கூட.

1976-இல் பேரி ஸ்டா என்பவர் வணிக மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளராக நடித்து, இரண்டு பிரிவுகளில் ஒன்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து முடிவு இப்படி என்று காட்டிவிட்டு, மறுபடி ஒதுக்கச் சொன்னார். அதிகமாகப் பணம் கொட்டியவர்கள் யார் தெரியுமா? முதல் முடிவைத் தாங்களே எடுத்து, அது மோசமாகப் போனவர்கள். வேறொருவர் எடுத்த முடிவு என்று சொல்லப்பட்டவர்கள் அந்த அளவுக்குக் கொட்டவில்லை. போட்ட பணத்தின் பாசம் பாதிதான், நான் தப்பு செய்யவில்லை என்று நிரூபிக்கும் வீம்பு மீதி.

1979-இல் கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டியது இதோடு பொருந்துகிறது. லாபத்தில் இருக்கும்போது நாம் கிடைத்ததை இறுகப் பிடிக்கிறோம். நஷ்டத்தில் இருக்கும்போது, நிச்சயமான சின்ன நஷ்டத்தை ஏற்காமல், ஒருவேளை எல்லாம் சரியாகிவிடும் என்ற பெரிய சூதாட்டத்துக்குத் துணிகிறோம். சாதாரண நாளில் ரிஸ்க்குக்குப் பயந்தவர் நஷ்ட காலத்தில் சூதாடியாக மாறுவது இப்படித்தான். "முன் வைத்த காலைப் பின் வைக்காதே" என்பதும் நம் காதில் சின்ன வயசிலிருந்து ஒலித்துக்கொண்டிருக்கிறது.

என் கதையில், ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்துவிட்டால் போதும் என்று மாதாமாதம் தள்ளினேன். ஒருவர் வந்தார், ஆறு மாதம் பேசினார், போய்விட்டார். அப்போதும் மூடவில்லை, அவர் வந்ததையே சந்தை இருப்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். யாரோ பட்டென்று கேட்டார்கள்: "இன்றைக்கு இதே நிலையில் இந்தத் தொழிலை யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வாயா?" மாட்டேன் என்று உடனே வாயில் வந்துவிட்டது. மூட அதற்கப்புறமும் நான்கு மாதம் ஆனது, அது வேறு.

நஷ்டத்தின் நடுவில் இருந்துகொண்டு நிறுத்தும் கோட்டைப் போட முடியாது, கை நடுங்கும், கோடு நகரும். அதைத் தொடங்கும் முன்பே, மேலே சொன்ன தாங்கும் அளவோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும்: இந்தத் தேதிக்குள் இத்தனை பேர் காசு கொடுத்து வாங்காவிட்டால் நிறுத்துவேன். எழுதியதைப் பங்கோ பாசமோ இல்லாத ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம். ஏற்கெனவே நடுவில் மாட்டியிருந்தால், முதல் முடிவில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கணக்கைக் காட்டி முடிவு கேளுங்கள். ஸ்டாவின் சோதனையே அதற்கு ஆதாரம்.

மூடிவிட்டேன். ஏதோ சாவு வீடு மாதிரி இருக்கிறது. இது இயல்பா?

இயல்புதான். டீன் ஷெப்பர்ட் என்ற ஆய்வாளர் 2003-இல் தொழில் தோல்வியைத் துக்கமாகவே எடுத்துக்கொண்டு எழுதினார். "தோல்வியிலிருந்து கற்றுக்கொள்" என்பது சுலபமான உபதேசம், துக்கம் தலையை அடைத்திருக்கும்போது கற்பது நடக்காது என்பது அவர் வாதம். சில நாள் நடந்ததைக் கிளறி யோசிப்பது, அது மேலும் அமுக்க ஆரம்பித்ததும் விலகி அன்றாட வேலைகளில் இறங்குவது, தெம்பு வந்ததும் திரும்பவும் கிளறுவது என்று மாறி மாறிப் போவது நல்லது என்கிறார். ஒரேயடியாக அழுதுகொண்டிருப்பதும் உதவாது, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வாரமே புதுத் தொழில் தொடங்குவதும் உதவாது. இரண்டாவதைச் செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதே தப்பை அதே வரிசையில் செய்வார்கள்.

மன அழுத்தம் இந்தப் பாதையில் வந்தே தீருமா?

வந்தே தீராது, ஆனால் அரிதுமில்லை. மைக்கேல் ஃப்ரீமன் குழு 2015-இல் 242 தொழில்முனைவோரிடம் கேட்டபோது 49 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு மனநலப் பிரச்சினையாவது இருந்ததாகச் சொன்னார்கள், 30 சதவீதம் பேர் மனச்சோர்வைச் சொன்னார்கள். தாங்களாகவே சொன்னது, சின்ன ஆய்வு, ஆகவே எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில்தான் நோயைத் தந்ததா, ஏற்கெனவே அப்படி இருந்தவர்கள் தொழிலுக்கு வந்தார்களா என்பதும் இதில் தெரியாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார்கள்.

அவர்களிடம் கனவைச் சொல்லியிருப்பீர்கள். நிறுத்தும் கோட்டைச் சொல்லுங்கள்: இவ்வளவு பணம், இந்தத் தேதி, அதற்கு மேல் இல்லை. எவ்வளவு பணம் போகும் என்று தெரியாததில்தான் பயம் இருக்கிறது. சொன்ன பிறகு மீறினால் அடுத்த முறை நம்பமாட்டார்கள், அதில் அவர்கள் மேல் தப்பில்லை.

நீங்கள் மறுபடியும் தொடங்குவீர்களா?

தொடங்கிவிட்டேன், வேலையை விடாமல். இந்த முறை அறிக்கை எதுவும் படிக்கவில்லை, முதலில் விற்றுப் பார்த்தேன், நான்கு பேர் வாங்கினார்கள். கோடு போட்ட தாள் என்னிடம் இல்லை, தங்கையிடம் இருக்கிறது. அவளுக்கு இந்தத் தொழில் மேல் துளி நம்பிக்கை கிடையாது, அதனால்தான் கொடுத்தேன். தேதிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, அவள் மாதத்துக்கு ஒருமுறை எத்தனை பேர் ஆச்சு என்று கேட்கிறாள்.